வீடுவரை போகும் பராமரிப்பு

அன்புள்ள மகளுக்கு,

செவிலியர் படிப்பின் முதல் ஆண்டில் நீ கற்கும் வேலைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிபவை. படுக்கை விரிப்பது, படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு உடம்பு துடைத்துவிடுவது, காய்ச்சலும் நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்துக் குறிப்பது, புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவது என்று எதைச் செய்தாலும் செய்ததற்கு அடையாளம் இருக்கும். இவற்றோடு நோயாளிக்குக் கற்பித்தல் என்றொரு பாடமும் உண்டு. சார்ட் வரைந்து, வார்டில் ஒருநாள் பத்து நிமிடம் பேசி, மதிப்பெண் வாங்கியதும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகும் நேரம் மிஞ்சினால் செய்யலாம் என்று ஒதுக்கிவைக்கிறார்கள். ஆனால் வளர்ந்தவர்களுக்கு வரும் நோய்களில் பல வீட்டில்தான் சமாளிக்கப்படுகின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதய நோய் எல்லாமே அப்படித்தான். ஐந்து நாள் வார்டில் இருந்தவர் மீதி வருடம் முழுக்கத் தனக்குத் தானே செவிலியாக இருக்க வேண்டும். அவரை அதற்குத் தயார் செய்யாமல் அனுப்பினால், அந்த ஐந்து நாள் வேலையும் அரைகுறையாகவே நிற்கும் என்பது என் உறுதியான கருத்து.

இது புதுக் கருத்தும் இல்லை. அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹெண்டர்சன் செவிலியர் பணிக்குக் கொடுத்த விளக்கத்தை, அகில உலகச் செவிலியர் மன்றம் 1960இல் வெளியிட்ட சிறு நூலின் வழியாக உலகமே படித்தது. ஒருவருக்கு வேண்டிய வலுவும் மனமும் அறிவும் இருந்தால் தானே செய்துகொள்ளக்கூடியவற்றை, அவை இல்லாத நேரத்தில் செய்துகொடுத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அவரைத் தன் காலில் நிற்க வைப்பதே செவிலியரின் வேலை என்பது அதன் சாரம். வலு, மனம், அறிவு மூன்றையும் அவர் ஒரே வரிசையில் வைத்தார். எழுந்து உட்கார வலு இல்லாதவரைத் தூக்கி உட்கார வைக்காமல் போனால் நமக்கே உறுத்தும். ஊசி போட்டுக்கொள்ளத் தெரியாதவரை அப்படியே டிஸ்சார்ஜ் செய்யும்போதும் அதே உறுத்தல் வர வேண்டும். மூச்சு விடுவது, உண்பது, உறங்குவது என்று அவர் பட்டியலிட்ட 14 அடிப்படைத் தேவைகளில் கடைசியாக நிற்பது கற்றுக்கொள்வதுதான்.

இன்சுலினை எடுத்துக்கொள். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில்கள் இரண்டு வீரியத்தில் கிடைக்கின்றன. ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது ஒன்று, 100 யூனிட் இருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் சிரிஞ்சு தனித்தனி. சிவப்பு மூடி போட்டது 40க்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100க்கு. மருத்துவர் 20 யூனிட் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 வீரிய மருந்தை, கடையில் கிடைத்த ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாறாக, 100 வீரிய மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடுவரை இழுத்தால் போவது 50 யூனிட். முதலாமவருக்குச் சர்க்கரை போதிய அளவு இறங்காது. மருந்து வேலை செய்யவில்லை என்று அளவை இன்னும் கூட்டுவார்கள். இரண்டாமவர் இரவோடு இரவாக நினைவிழந்து போகலாம். மருத்துவர் எழுதிய சீட்டிலோ மருந்திலோ பிழை ஏதும் இல்லை. மூடியின் நிறத்தையும் பாட்டிலின் மேல் இருக்கும் எண்ணையும் சேர்த்துப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதேபோல, வலி குறைவாகத் தெரிகிறது என்று தினமும் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு கட்டியாகும். அங்கே போடும் மருந்து சீராக ஏறாது. ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை தள்ளிப் போடச் சொல்வதற்கு அரை நிமிடம் போதும்.

சொல்லிவிட்டால் கற்றுக்கொடுத்ததாகிவிடாது என்பதையும் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் கேட்ட தகவலில் 40 முதல் 80 சதவீதம்வரை நோயாளிகளுக்கு உடனே மறந்துவிடுகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை தொகுத்துக் காட்டியது. வலியும் பயமும் தூக்கமின்மையும் சேர்ந்த நேரத்தில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அதே ஆண்டு சான்ஃபிரான்சிஸ்கோவில் சர்க்கரை நோயாளிகளையும் அவர்களுடைய மருத்துவர்களையும் கவனித்த ஆய்வு ஒன்று, மருத்துவர்கள் புதிதாகச் சொன்ன 124 விஷயங்களில் 15ஐ மட்டுமே, நோயாளிக்குப் புரிந்ததா என்று திருப்பிக் கேட்டுப் பார்த்தார்கள் என்றது. அப்படிக் கேட்ட மருத்துவர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை கூடுதலாகக் கட்டுப்பட்டிருந்தது. சிறிய ஆய்வு அது. கேட்டதால்தான் கட்டுப்பட்டது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பிழை எங்கே நடக்கிறது என்பதை அது சரியாகத் தொட்டுக் காட்டுகிறது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் நம்மூரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வெள்ளை உடைக்கு முன்னால் தலையாட்டுவது மரியாதை. அதனால் கேள்வியை மாற்று. “ஐயா, நான் ஒழுங்காச் சொல்லிக் கொடுத்தேனான்னு எனக்குத் தெரியணும். நாளைக்குக் காலையில வீட்ல எப்படிப் போட்டுக்குவீங்க, ஒருதரம் செஞ்சு காட்டுங்க.” இப்படிக் கேட்டால் சோதிக்கப்படுவது நீயாகிவிடுகிறாய், அவருக்குக் கூச்சம் இல்லை. அவர் பாட்டிலைக் கையில் எடுக்கும் விதத்திலேயே உன் பாடத்தில் எது விட்டுப்போயிற்று என்று தெரிந்துவிடும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பாய். நியாயமான கேள்வி. ஒரே ஸ்டாஃப் நர்ஸ் வார்டு முழுவதையும் பார்க்கும் இரவுப் பணியில், உட்கார்ந்து பாடம் நடத்து என்று சொல்பவர் அந்த வேலையை அறியாதவர். ஆட்களைக் கூட்ட வேண்டும் என்று கேட்பது உன் உரிமை, கேட்கவும் வேண்டும். ஆனால் கற்பித்தலுக்குத் தனி நேரம் வேண்டும் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. எப்படியும் நீ அவருக்கு நாளுக்கு இரண்டு மூன்று முறை இன்சுலின் போடப் போகிறாய். முதல் நாள் நீ போடு, அவர் பார்க்கட்டும். அடுத்த நாள் அவர் மருந்தை இழுக்கட்டும், நீ அளவைச் சரிபார்த்துப் போடு. மூன்றாம் நாள் முழுவதையும் அவரே செய்யட்டும். வீட்டில் அவருக்கு ஊசி போடப் போவது மனைவியோ மருமகளோ என்றால் சிரிஞ்சு அவர்கள் கைக்குப் போகட்டும். டிஸ்சார்ஜ் ஆகும் மதியம், ஆட்டோ வாசலில் நிற்கும்போது, அத்தனையையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பதுதான் உண்மையில் வீணாகும் நேரம்.

விளக்குவது மருத்துவரின் வேலை, நாம் ஏன் தலையிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். என்ன நோய், எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவுசெய்வது அவர் பொறுப்பு. அதில் சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்த மருந்தோடு ஒருவர் அன்றாடம் எப்படி வாழ்வது என்பது நம் பொறுப்பு. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. மக்கள் மருந்தை விடுவதற்குக் காரணம் வறுமைதான், அறியாமை என்று சொல்லி அவர்கள்மேல் பழிபோடாதே என்பது அது. இதை நான் மதிக்கிறேன். கூலியை விட்டுவிட்டு ஓ.பி. வரிசையில் நிற்க முடியாதவருக்கு அறிவுரை போதாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருந்து விலையில்லாமல் கிடைப்பதும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோவதும் அந்தத் தடையை விலக்கத்தான். ஆனால் பணக்கார நாடுகளிலேயே நாள்பட்ட நோய் உள்ளவர்களில் சராசரியாகப் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. ஆகவே காசு மட்டும் காரணமாக இருக்க முடியாது. மேலும், கற்பிப்பதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போதுதான் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, இரவுக் காவல் வேலை, சாப்பாட்டு நேரம் நிலையில்லை என்பதெல்லாம் வெளியே வரும். இன்சுலினை ஈர மண்பானைக்குள் வைத்துக் காக்கலாம் என்பதை அப்போதுதான் சொல்ல முடியும். ஊசி நேரத்தை மாற்றித் தர மருத்துவரிடம் கேட்கவும் முடியும்.

வளர்ந்தவர்கள் வெறும் பலகையாக வருவதில்லை. முதியோர் கல்வி பற்றி எழுதிய மால்கம் நோல்ஸ் அழுத்திச் சொன்னது, அவர்களுக்கு முதலில் ‘ஏன்’ தெரிய வேண்டும் என்பதை. சர்க்கரை தாழ்ந்துபோவதைக் கற்பிக்கும்போது இது பளிச்சென்று தெரியும். பல வருடமாக இனிப்பைத் தொடாதே என்று கேட்டுப் பழகியவர், வியர்த்துக் கை நடுங்கும் நேரத்திலும் சர்க்கரையைத் தொடப் பயப்படுவார், வீட்டாரும் தடுப்பார்கள். மருந்து உள்ளே போயிற்று, அதற்கு ஈடான சாப்பாடு போகவில்லை, அதனால் ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே போயிருக்கிறது, இப்போது சர்க்கரைதான் மருந்து என்று காரணத்தோடு சொன்னால் பிடித்துக்கொள்வார். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும், நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கார்த்திகை விரதமோ ரமலான் நோன்போ இருப்பாரா என்று நீயே முதலில் கேட்டுவிடு. கண்டிப்பவளிடம் மறைப்பார்கள். இருந்தே தீருவேன் என்றால் நோன்புக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளச் சொல்.

இதையெல்லாம் செய்தபின் கேஸ் ஷீட்டில் ‘சுகாதாரக் கல்வி அளிக்கப்பட்டது’ என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போகாதே. அடுத்த ஷிப்டில் வரும் சிஸ்டருக்கு அதிலிருந்து ஒன்றுமே தெரியாது. ‘40 வீரிய பாட்டிலில் இருந்து 20 யூனிட் தானே சரியாக எடுத்தார், ஊசி போடும் இடத்தை மாற்றத் தெரிகிறது, சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது என்பதைப் பாதிதான் சொன்னார், மகன் மாலை ஆறு மணிக்கு வருவார், அவருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்’ என்று எழுது. ஆறு மணிக்கு மகன் வரும்போது, நீ விட்ட இடத்திலிருந்து அந்த சிஸ்டர் தொடங்குவார்.

அன்புடன்,
உன் பெரியம்மா