பழைய சினிமா கேமரா: எதை வாங்கலாம்?

திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். அன்று முதல் காவிரிப் படுகை படம் பார்த்த பூமி. படம் பிடித்தது பெரும்பாலும் சேலம், கோவை, சென்னை ஸ்டுடியோக்களில். அதனால் தஞ்சை, கும்பகோணம் பக்கம் புரொஜெக்டர் கிடைக்கிற அளவுக்குக் கேமரா கிடைக்காது. அரிதாகக் கிடைப்பதில் எதற்குப் பணம் போடலாம்?

சூப்பர் 8 கேமராவுக்கு வேண்டாம். 1965-இல் கோடாக் கொண்டுவந்த முறை அது. கேமராக்கள் லட்சக்கணக்கில் வந்துவிட்டன. தாத்தா வாங்கியதென்றால் பத்திரமாக வையுங்கள், விலையை எதிர்பார்க்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் 16 மி.மீ. போலெக்ஸ் எச்16. 1935 முதல் வந்த சுவிஸ் கேமரா. சாவி கொடுத்தால் ஏறக்குறைய அரை நிமிடம் ஓடும், பேட்டரியே தேவையில்லை. அதற்கான பிலிம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. கெர்ன் ஸ்விட்டார் லென்ஸோடு வந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம்.

என் மனம் போவது 35 மி.மீ. ஆரிஃப்ளெக்ஸ் 2சி பக்கம். சுழலும் கண்ணாடி ஷட்டர் வழியாக, லென்ஸ் காண்பதையே ஒளிப்பதிவாளரும் கண்டார். நம் சினிமா செட்டை விட்டு வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் வந்தபோது உடன் வந்த கேமரா இது. மோட்டார் இரைச்சல் அதிகம். வசனத்தைப் பிறகு டப்பிங்கில் பேசவைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். எந்த யூனிட்டில், எந்தப் படத்தில் ஓடியது என்பதற்குப் படப்பிடிப்புப் புகைப்படமோ பில்லோ இருந்தால் மதிப்பு வேறு. வாய்ச்சொல்லுக்கு ஒரு ரூபாயும் கூட்டித் தராதீர்கள்.

பித்தளையும் தேக்குமாக முக்காலியில் நிற்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பக்கக் கதவைத் திறந்து பாருங்கள்: பிலிமை இழுக்கும் நகமும் அதை நேராகப் பிடிக்கும் ‘கேட்’டும் இல்லையென்றால் அது வரவேற்பறை அலங்காரம்.

நம் ஊரில் பெரிய எதிரி ஐப்பசி, கார்த்திகை ஈரம். லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் பூஞ்சை நூல்நூலாகத் தெரியும். கண்ணாடியை அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. வாங்கியதைத் தோல் பெட்டியில் பூட்டாமல், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். ஸ்பிரிங்கை முறுக்கியபடி விடாதீர்கள்.

100 ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. 1920-களுக்கு முந்தைய கேமரா வாங்குவோர் உள்நாட்டு விலையை மட்டுமே கணக்கில் வைக்க வேண்டும்.

லென்ஸைத் தனியே கேட்டு வருவார்கள். டிஜிட்டல் கேமராவில் பொருத்தலாம் என்பதால் நல்ல விலையும் சொல்வார்கள். கேமராவோடு வந்த லென்ஸைப் பிரித்துக் கொடுக்காதீர்கள்.