வலைக்குள் எதை நடுவது?

பூச்சிவலைக்குட் பூசணி நட்ட கமக்காரர் ஒருவர், பூ நிறையப் பூத்தும் ஒரு பிஞ்சேனும் நிலைக்கவில்லையென்று விதையைக் குறைகூறினார். குறை விதையினதன்று. பூசணி, பாகல் ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தத்தைக் கொண்டுசெல்லத் தேனீ வேண்டும். பீடையைத் தடுக்கும் வலை தேனீயையும் தடுத்துவிடுகின்றது. காலைதோறும் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவிலே தடவ இயலாதவர்கள் இவற்றை வெளியிலேயே நடுக. பாகற்பிஞ்சுக்குக் கடதாசி உறை கட்டினாற் பழ ஈ அணுகாது.

வலைக்கு ஏற்றவை கோவா, முள்ளங்கி, கீரை என்பன. இவற்றை உண்பதற்குப் பூவே வேண்டியதில்லை. மிளகாய், தக்காளி, பயற்றை ஆகியன தம் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கவல்லன. கத்தரியும் அவ்வாறே, ஆயினும் வலைக்குட் காற்று மந்தமாதலால், பூக்குங் காலத்திற் செடியை மெல்ல அசைத்துவிடுதல் நன்று.

வலை சிறிதாயின் மிளகாய் நாற்றுமேடைக்கே அதனைக் கொடுங்கள். வெண் ஈ கொண்டுவரும் இலைச்சுருளல் வைரசு நோய் நாற்றிலே தொற்றினால் அதற்கு மருந்தில்லை. அந்த ஈயைத் தடுக்க அங்குலத்திற்கு 50 கண்ணுள்ள வலை வேண்டும், நுளம்புவலை போதாது.

கோவா இலையில் வலை தொடலாகாது. தொட்டால் அந்துப்பூச்சி வெளியிலிருந்தே முட்டையிட்டுவிடும். வலையை மூடுமுன் ஒவ்வொரு நாற்றின் இலையடியையும் பார்த்துக்கொள்க. உள்ளே அகப்பட்ட புழுவைத் தின்னக் குருவியும் வராது, குளவியும் வராது.