பத்துப் பேர் வீட்டில் ஒரு சிலிண்டர்!
(இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்)

தலைப்பைப் பார்த்ததும், "அடடே, மகளிர் பக்கம் வழி தவறி நம்ம மலருக்குள் வந்துடுச்சு" என்று புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே! தெர்மல் பேப்பரில் "மறை வெப்பம் என்றால் மறைந்திருக்கும் வெப்பம்" என்று எழுதிவிட்டு வெளியே வந்து கெத்தாக நின்றவர்கள் நம்மிடையே உண்டு (பெயர் வேண்டாம்). அந்த மறை வெப்பம் நம் வீட்டு அடுப்பில் தினமும் ஆவியாய்ப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பிடிப்பது எப்படி, பிடித்த காசில் பெரிய குடும்பத்துக்கு என்ன சமைப்பது... இவ்வளவுதான் கட்டுரை.

எங்கள் வீடு திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். ஒரே அடுப்பில் பத்துப் பேருக்குச் சமையல். அப்பத்தா, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான், தம்பி, தங்கச்சி, சித்தப்பாவின் பிள்ளைகள் ரெண்டு பேர். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் லோடு வேலை, அம்மாவுக்கும் சித்திக்கும் காட்டு வேலை. பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்தவன் எங்கள் வீட்டில் நான்தான். அதனால் கரண்ட் பில்லோ, பேங்க் சீட்டோ, மாத்திரை அட்டையோ, எதை வாசிக்க வேண்டுமென்றாலும் "படிச்சவனைக் கூப்பிடு" என்பார்கள். அப்படி ஒரு சீட்டை வாசிக்கப் போய்த்தான் நான் சமையல்கட்டுக்குள் நுழைந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடம்.

ஒரு வேளைக்கு எங்களுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி வேண்டும். காலையில் ஒரு பானை, ராத்திரி ஒரு பானை. வடித்த சோறுதான், அதற்கு 6 லிட்டர் உலை. 30 டிகிரித் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 6 × 4.2 × 70 = 1,764 கிலோ ஜூல். சரி, கொதி வந்தாச்சு. அதன் பிறகு நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சீக்கிரம் வேகட்டும் என்று அடுப்பை முழுசாய் எரியவிடுகிறோம். பொங்கி வழியுமே என்று மூடியை எடுத்துவிடுகிறோம். தளதளவென்று கொதிப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள், அதே 100 தான்! தீயைக் கூட்டினால் சூடு கூடாது, ஆவிதான் கூடும்.

எவ்வளவு ஆவி என்று தெரிய வேண்டாமா? பழைய பேப்பர்க்காரரிடம் ஒரு தராசை இரவல் வாங்கினேன். உலை, அரிசி, பானை மூன்றையும் சேர்த்து முன்னால் ஒரு எடை, சோறு வெந்ததும் வடிக்காமல் பானையோடு ஒரு எடை. வித்தியாசம் ஏறக்குறைய 1 கிலோ. 1 கிலோ தண்ணீர் ஆவியாக 2,257 கிலோ ஜூல் வேண்டும் என்று நம் ஸ்டீம் டேபிள் சொல்கிறது. அதாவது ஆறு லிட்டரையும் கொதிக்க வைத்ததைவிட, ஒரே ஒரு லிட்டரைக் கூரைக்கு அனுப்பியதற்கு அதிகச் செலவு. இது எனக்கே ஆச்சரியம்தான்.

இதற்குச் செய்ய வேண்டியது பெரிசாக ஒன்றுமில்லை. அரிசியை அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். உலை கொதித்து அரிசியைப் போட்டு மறுபடி கொதி வந்ததும் தீயைச் சிம்மில் வையுங்கள். பானையின் வாயில் அகப்பையைக் குறுக்கே வைத்து அதன் மேல் மூடியைச் சாத்துங்கள், பொங்காது. முக்கால் வேக்காட்டில் அடுப்பை அணைத்து, இறுக்க மூடி, கால் மணி நேரம் விட்டுவிட்டு வடியுங்கள். அந்தக் கால் மணி நேரம் சோறு வேகிறது, கேஸ் எரியவில்லை.

இப்படிச் செய்து எடை போட்டதில் இழப்பு 300 கிராமுக்கு இறங்கியது. மிச்சம் 700 கிராம் ஆவி, சுமார் 1,580 கிலோ ஜூல். எங்கள் பழைய பர்னருக்கு 60 சதவிகிதத் திறன் என்று வைத்துக்கொண்டால் எரிவாயுவில் 2,633 கிலோ ஜூல் மிச்சம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 46,000 கிலோ ஜூல், ஆக ஒரு பானைக்கு 57 கிராம். தினம் ரெண்டு பானை, முப்பது நாள் என்றால் 3.4 கிலோ! சிலிண்டரில் இருப்பதே 14.2 கிலோதான். 24 நாளில் தீர்ந்துகொண்டிருந்த சிலிண்டர் இப்போது 29 நாள் வருகிறது. அம்மாவிடம் கணக்கைக் காட்டினேன். "அதுக்கு எதுக்குடா இம்புட்டுப் பேப்பரு? மூடி போட்டா வெரசா வேகும்னு அப்பத்தா எப்பவோ சொல்லிருச்சு" என்றாள். போகட்டும்!

குக்கர் விஷயம் உங்களுக்கே தெரியும். ஸ்டீம் டேபிளில் 2 பார் அழுத்தத்துக்கு நேரே பார்த்தால் 120 டிகிரி என்றிருக்கும். குக்கருக்குள் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. அந்த 20 டிகிரிதான் பயறை மசிய வைக்கிறது. முதல் விசில் வந்த பிறகும் பெருந்தீயில் விசில் எண்ணிக்கொண்டிருப்பது மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்க விடுவதற்குச் சமம். விசிலை எண்ணாதீர்கள், தீயைக் குறைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பயறு வகையைப் பாதிக் குக்கருக்கு மேல் போடக் கூடாது. தோல் மிதந்து வால்வை அடைத்தால் ஆபத்து.

இனி அந்தச் சீட்டு. போன வருஷம் ஆனியில் களையெடுத்துக்கொண்டிருந்த சித்தி காட்டிலேயே மயங்கி விழுந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துச் சீட்டுக் கொடுத்தார்கள். என்னிடம் நீட்டினார்கள், வாசித்தேன். ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, "நல்லா சாப்பிடும்மா" என்றார். சித்தி தலையை ஆட்டினாள்.

எல்லாரும் ஒரே பானைச் சோறுதானே சாப்பிடுகிறோம், சித்திக்கு மட்டும் ஏன்? ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டை லேப் ரெக்கார்டு மாதிரி நோட்டில் எழுதினேன். முதலில் அப்பாவும் சித்தப்பாவும், அடுத்து பிள்ளைகளும் நானும், பிறகு அப்பத்தா. கடைசியில் அம்மாவும் சித்தியும். ஏழு ராத்திரியில் நாலு ராத்திரி அவர்கள் ரெண்டு பேருக்கும் சோறும் ரசமும்தான். குழம்புச் சட்டியை வழித்துச் சோற்றைப் போட்டுப் பிசைந்ததைக் குழம்பு என்று எழுதலாமா என்று யோசித்து, எழுதவில்லை.

சட்டியில் இருந்ததும் கொஞ்சம்தான். ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சித்தப்பாவுக்குத் தனி கார்டு என்பதால் மாதம் 2 கிலோ பருப்பு. அதைப் பத்துப் பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 6.7 கிராம்! அதில் புரதம் ஒன்றரைக் கிராம். நாம் சாம்பார் என்று சொல்லிக்கொள்வது இதைத்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம். 350 கிராம் அரிசி சாப்பிட்டால் அதில் ஏறக்குறைய 24 கிராம் வந்துவிடும். மிச்சம் 22 கிராமுக்கு எங்கே போவது?

இங்கேதான் கேஸில் மிச்சம் பிடித்த காசு வருகிறது. துவரையை விட்டுவிட்டுக் கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை என்று மாற்றி மாற்றி வாங்குகிறோம். சந்தையில் கொள்ளு துவரையைவிட நன்றாகவே மலிவு. புரதமோ ரெண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 100 கிராமுக்கு 22 கிராம். ஒரு ஆளுக்கு 50 கிராம் கொள்ளு, ஒரு கைப்பிடி வறுத்த கடலை, வாரம் ரெண்டு நாள் முட்டை. கிட்டத்தட்டக் கணக்கு நேராகிவிடும். அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பயறில் அது அதிகம். ஆகவே ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதுதான் சரி. சின்னப் பிள்ளைகள் ரெண்டும் அரசுப் பள்ளியில் மதியம் சாப்பிட்டுவிடும், 2022-லிருந்து காலை உணவும் உண்டு. அந்தக் கவலை கொஞ்சம் குறைவு.

முருங்கைக்கீரை எங்கள் கொல்லையிலேயே நிற்கிறது. அதில் இரும்பு இருக்கிறது, ஆனால் கீரை, பயறு இவற்றின் இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்தால் நன்றாக எடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் தடுக்கும். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாடு முடிந்ததும் டீ குடிக்காமல் இருக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்று சொல்லி, அதற்கும் திட்டு வாங்கினேன்.

என்ன சமைத்தாலும் கடைசியில் உட்காருகிறவருக்கு இல்லை என்றால் என்ன பிரயோசனம்? ஆகவே பரிமாறுவதற்கு முன்பே ரெண்டு தூக்குச் சட்டியில் குழம்பு, கீரை, பயறு எல்லாம் எடுத்து மூடி வைத்தேன். அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆக்குறவளுக்கு மொதல்ல எடுத்து வச்சுட்டு, ஒழைச்சுட்டு வாரவனுக்கு மிச்சத்தப் போடுறதா? எந்த ஊரு வழக்கம்டா இது?" என்றாள். அம்மாவே, "வேணாம்டா, விட்டுரு" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு நாள் கழித்துத் தட்டில் கை வைக்கும் முன், "சித்திக்கு எடுத்து வச்சாச்சாடா?" என்று கேட்டார். அப்பத்தா இன்னமும் முணுமுணுக்கத்தான் செய்கிறாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் சித்திக்கு 9.8. மாத்திரை எவ்வளவு செய்தது, சாப்பாடு எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 12-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. சித்தி கேட்டதால் அம்மாவுக்கும் எடுத்துப் பார்த்தோம், 9.4. அவள் விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

ஒரு பானையில் ரெண்டு அயிட்டம் வரும் கொள்ளுச் சமையலைச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டல் நண்பர்கள் லீவில் ஊருக்குப் போனால் செய்து பாருங்கள். பத்துப் பேருக்கு அரைக் கிலோ கொள்ளு. கல் பொறுக்கி (கல் கண்டிப்பாக இருக்கும்), வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் குக்கரில் ரெண்டு லிட்டர் தண்ணீர் விட்டு, முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் 20 நிமிஷம். ஆவி தானாக அடங்கியதும் தண்ணீரைத் தனியாக வடித்துக்கொள்ளுங்கள், அதுதான் ரசம். எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து விட்டு, மூன்று தக்காளியைப் பிசைந்து போட்டு, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள். கொதிக்க விட்டால் ருசி போய்விடும். வெந்த கொள்ளில் பாதியை ஏழெட்டு வரமிளகாய், ஒரு கை சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு சேர்த்துக் கரகரப்பாக அரைத்துத் துவையலாக்கலாம். மீதிப் பாதியைக் கடுகு, கறிவேப்பிலை தாளித்துச் சுண்டலாகக் கிளறினால் பிள்ளைகள் சாயங்காலம் தின்னும். மூன்றிலும் உப்பைக் கடைசியில் போடுங்கள். தூக்குச் சட்டியில் எடுத்து வைப்பதை மட்டும் முதலில் செய்துவிடுங்கள்.