ஒலியில் ஒன்றும் மனம்

நுழையும்முன்

வீரரின் தசைகளுக்குப் பயிற்சி தரப் பல கருவிகள் உள்ளன. ஆனால், தடுமாறும் மனத்தை எதைக்கொண்டு பயிற்றுவிப்பது? ஒலியும் இசையும் அதற்கு உதவும் என்கின்றனர் விளையாட்டு உளவியலாளர். அவ்வுதவி நம் ஊர் ஆட்டமொன்றின் விதியிலேயே அமைந்திருப்பதை இப்பாடம் காட்டுகிறது.

ஆலங்குளத்துக் கரிசல் மண்ணாயினும் இராசபாளையத்துச் செம்மண் திடலாயினும் கபடிக்கு ஒரே விதிதான். எழுவர் காத்து நிற்கும் எதிர்க்களத்தினுள் ஒருவர் தனியே நுழைகிறார். அவருக்குரிய நேரம் 30 நொடி. அதுவரை ‘கபடி, கபடி’ என்னும் பாட்டு நடுவர் செவியில் விழுமாறு இடையறாது ஒலிக்க வேண்டும். எதிர்க்களத்தில் பாட்டு அறுந்தால் ஆட்டமிழப்பார். சடுகுடு என்னும் பழம்பெயரும் அவ்வாறு பாடும் ஒலியை நினைவூட்டுவதே.

இவ்விதி மூச்சின் அளவைச் சோதிப்பதற்கு எழுந்தது. எனினும், மனத்துக்கும் அதில் பயனுண்டு எனக் கருத இடமிருக்கிறது. 1974ஆம் ஆண்டு ஆலன் பாட்லி, கிரகாம் ஹிட்ச் என்னும் உளவியலாளர் இருவர் செயல்நினைவு பற்றிய கோட்பாட்டை வெளியிட்டனர். ஒரு சொல்லை ஓயாமல் உச்சரிப்பவரால் அதே வேளையில் வேறு சொற்களை மனத்துள் ஓட்டுவது கடினம் என்பது அவ்வழி ஆய்வுகள் காட்டும் செய்தி. ‘பிடிபட்டுவிடுவேனோ’ என்னும் அச்சமும் உள்ளே ஓடும் பேச்சுத்தானே! நாவைப் பாட்டு பிடித்துக்கொள்ள, அப்பேச்சுக்கு இடம் குறைகிறது; கண்ணும் காலும் தம் வேலையைப் பார்க்கின்றன. மனத்தை ஒரே ஒலியில் நிறுத்தும் தியானத்தின் வழியும் இதுவே. தியானிப்பவர் அமர்ந்து செய்வதைப் பாடிச் செல்பவர் பாய்ந்து செய்கிறார்.

இசையின் பணி சற்றே வேறானது. எத்தியோப்பிய ஓட்டவீரர் ஹைலே கெப்ரெசிலாசி 1998இல் உள்ளரங்க 2000 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனை படைத்தபோது, அரங்கில் ஒலித்த பாடலின் தாளத்துக்கேற்பக் காலடி வைத்தார். சீரான தாளம் ஓட்டத்தின் வேகத்தைச் சிதறாமல் காக்கும்; களைப்பை உணர்வதையும் ஓரளவு குறைக்கும். தடகளப் போட்டியின்போது வீரர்கள் இசைக்கருவியை உடன்கொண்டு ஓட விதிகள் இடமளிப்பதில்லை.

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே இசை பொருந்தாது. பளு தூக்குபவருக்கு எழுச்சி வேண்டும். துப்பாக்கி சுடுபவருக்கோ நாடித்துடிப்பு அடங்க வேண்டும். பின்னவர் விரைவான பாடலைக் கேட்டுவிட்டுக் குறிபார்த்தால் கை நடுங்கக்கூடும். மெல்லிய ஒலியோடு மூச்சை நெடிதாக வெளிவிடுவதே அவருக்கு ஏற்றது. மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு சற்றுத் தணியும் என்பதை, மணிக்கட்டில் விரல் வைத்து நீங்களே உணரலாம்.