மால்குடி ஏக்கம்

புறநானூற்றின் 243ஆம் பாட்டைத் தமிழ் மாணவர் அறிவர். கோலூன்றித் தளர்ந்து, இருமலுக்கிடையே சில சொல் பேசும் முதியவர் ஒருவர், இளமையில் ஆற்றங்கரை மரக்கிளையேறி மடுவிற் குதித்து, அடிமணலை அள்ளிவந்த நாளை எண்ணி இரங்குகிறார். பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். அம்முதியவர் இழந்தது, தாமே துய்த்த இன்பம். நம் விடுதியில் நான் காணும் ஏக்கமோ வேறு வகையினது. 2000க்குப் பின் பிறந்த நாம், 1980களின் தூர்தர்ஷன் தொடர்களை எண்ணிப் பெருமூச்சு விடுகிறோம். கண்டறியாத காலத்துக்கு இரங்குவது எங்ஙனம்? இவ்வினாவை ‘மால்குடி டேஸ்’ தொடரை வைத்து ஆராய்கிறேன். மைசூரில் இருந்துகொண்டு வேறு எதை எடுப்பது!

ஆர். கே. நாராயண் 1906இல் சென்னையிற் பிறந்த தமிழர். மைசூர் மகாராஜா கல்லூரியில் 1930இல் பட்டம் பெற்றவர். அவ்வாண்டே, பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில், குறிப்பேடு ஒன்றை வாங்கி எழுதத் தொடங்கினார். மால்குடி என்னும் ஊர் பிறந்தது. ‘சுவாமியும் நண்பர்களும்’ எனப்படும் அவருடைய முதல் நாவல் 1935இல் இலண்டனில் வெளிவந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1980களின் நடுவில், கன்னட நடிகர் சங்கர் நாக் அக்கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக இயக்கினார். சுவாமியாக நடித்தவர் சிறுவன் மஞ்சுநாத். தந்தையாகக் கிரீஷ் கர்னாட். இசை நம் எல். வைத்தியநாதன். தொடக்கச் சித்திரங்கள் நாராயணின் தம்பி ஆர். கே. லக்ஷ்மணுடையவை.

படம் பிடித்த இடம் மைசூரன்று. சிவமொக்கா மாவட்டத்தில், மழைக்குப் பெயர்போன ஆகும்பே. இஃது என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 1930களின் தோற்றம் வேண்டுமென்றால் மலைக்காட்டுச் சிற்றூருக்கல்லவா போக வேண்டியிருந்தது! ஆகவே, தொடரே ஓர் ஏக்கத்தின் விளைவு. அதனை அன்று கண்டோர், தம் பெற்றோரின் காலத்துக்கு ஏங்கினர். இன்று நாம் அங்ஙனம் ஏங்கியோருக்காக ஏங்குகிறோம். ஏக்கத்தின் மேல் ஏக்கம்!

அக்காலம் அவ்வளவு இனியதுதானா? கதையையே கேளுங்கள். சுவாமி தந்தைக்கு அஞ்சுகிறான். தலைமையாசிரியரின் பிரம்புக்கு அஞ்சுகிறான். ஒருநாள் அப்பிரம்பைச் சன்னல் வழியே எறிந்துவிட்டு ஓடுகிறான். நாவலின் முடிவில் ஆருயிர்த் தோழன் இராஜம், மனத்தாங்கல் தீராமலே இரயிலேறிப் போய்விடுகிறான். இனிமையைக் கதையில் வைத்தவர் நாராயண் அல்லர். பார்க்கும் நாமே என்பேன்.

நிற்க. தொடர்தான் வேண்டுமென்றால், கைப்பேசியில் இந்நொடியே கிடைக்கிறது. நான் ஓரிரவில் ஆறு பகுதிகளைப் பார்த்தேன், காதில் ஒலிவாங்கியுடன், போர்வைக்குள். ஏக்கம் குறையவில்லை. அடுத்த அறையில் என் தோழரும் அதே தொடரைத் தனியே பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாட் காலை உணவின்போதுதான் தெரிந்தது. தனியார் அலைவரிசைகள் பெருகுமுன் ஒரே பெட்டி, ஒரே நேரம். பெட்டியில்லாத வீட்டார் பெட்டியுள்ள வீட்டில் தரையில் உட்காருவர் என்று என் தாயார் சொல்வார். அடுத்த பகுதிக்கு ஒருவாரக் காத்திருப்பு. அவ்வாரம் முழுதும் பேச்சு. விழுத்தண்டினாரின் முதியவரும், குதித்த மடுவை மட்டுமா நினைக்கிறார்? கள்ளமறியாத கூட்டத்தோடு கைகோத்து ஆடியதையுமன்றோ நினைக்கிறார்!

மற்றொன்றும் சொல்ல வேண்டும். யாதவகிரியில் நாராயண் வாழ்ந்த இல்லம் இடிபடும் நிலைக்கு வந்து, பின் காக்கப்பட்டு, 2016இல் நினைவில்லமாயிற்று. தமிழர், ஆங்கிலத்தில் எழுதியவர். அவருக்கு ஏன் அரசுப் பணம் என்று கன்னட எழுத்தாளர் சிலர் வினவியதுண்டு. அதற்கு மறுமொழியாக ‘அவர் எங்களவர்’ என்று நாம் மார்தட்டுவது எனக்கு உடன்பாடன்று. தமிழர் ஆங்கிலத்தில் எழுதியதைக் கன்னடர் இந்தியில் எடுத்தார், தமிழர் இசையமைத்தார். இதில் யார் பங்கைப் பிரித்தெடுப்பது?

எனவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிதோறும் மாலையில், விடுதிக் கூடத்தில் ஒரு பகுதி, ஒன்றே ஒன்று. கன்னட மாணவரையும் அழைப்போம். அடுத்ததை எவரும் முந்திப் பார்க்கலாகாது என்று விதி வைக்கலாம். காப்பாற்றுவோமா என்பதுதான் ஐயம்.