கரண்ட் போனா சோலாரும் ஏன் நிக்குது?



நம் உறுப்பினர் ஒருவரின் அக்கா சென்னை அபிராமபுரத்தில் வீட்டு வேலை செய்கிறார். அந்த வீட்டு மொட்டை மாடி நிறைய சோலார் தகடு. ஆனாலும் பட்டப்பகலில் கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடுகிறதாம். “வெயில் கொளுத்துது, பின்ன ஏன் நிக்குது? ஏமாத்திட்டாங்களா?” என்று கூட்டத்தில் கேட்டார். ஏமாற்று இல்லை சகோதரிகளே. அது நிற்கத்தான் வேண்டும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்தன. வெளி மாவட்டங்களில் இருந்தும் மின்வாரியப் பணியாளர்கள் வந்து வேலை பார்த்தார்கள். அப்படி ஒருவர் கம்பத்தில் ஏறியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெயினை அணைத்தாச்சு, லைன் செத்துவிட்டது என்று நம்பித்தான் கை வைப்பார். அந்த நேரத்தில் ஒரு மாடியில் இருந்து சோலார் மின்சாரம் லைனுக்குள் வந்தால்? தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருகிறது. பின்பக்கமாகக் கரண்ட் போனால் அதே டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட் அளவுக்கு ஏற்றியும் விடும். ஒரு உயிர் போக இது போதாதா?

சுற்றிலும் இருட்டாக இருக்க, ஒரு பகுதி லைனில் மட்டும் இப்படிக் கரண்ட் ஓடுவதை ‘ஐலேண்டிங்’, அதாவது தீவாகிப் போவது என்பார்கள். இதைத் தடுப்பது இன்வெர்ட்டரின் வேலை.

எப்படிக் கண்டுபிடிக்கும்? லைனில் 230 வோல்ட் இருக்கிறதா, விநாடிக்கு 50 சுற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு தாண்டினால் துண்டித்துவிடும். ஆனால் சோலார் தருவதும் அந்தப் பகுதி செலவழிப்பதும் சமமாக இருந்தால் அளவு மாறாதே! அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இன்வெர்ட்டர் அவ்வப்போது அந்தச் சுற்றை லேசாகத் தள்ளிப் பார்க்கும். ஊரே வடம் பிடிக்கிற தேரை ஒருத்தி தள்ளினால் திசை மாறுமா? மாறாது. தனியாக நிற்கிற தள்ளுவண்டி என்றால் நகர்ந்துவிடும். அப்படி நகர்ந்தால் லைன் இல்லை என்று அர்த்தம், உடனே நின்றுவிடும். 2 விநாடிக்குள் நிற்கிறதா என்று ஐ.எஸ். 16169 தரப்படி சோதிக்கிறார்கள். கரண்ட் வந்த பிறகும் சற்றுப் பொறுத்துத்தான் மறுபடி சேரும். பழுது என்று பயப்பட வேண்டாம்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம். லைனோடு சேர்ந்த சோலாருக்குத்தான் இந்த மானியம். கடன் எடுக்கும் முன் “கரண்ட் போனா ஓடுமா?” என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வகை வேண்டும், விலை கூடும். அது முதலில் வீட்டை லைனில் இருந்து பிரித்துவிட்டு, வீட்டுக்குள் மட்டும் கரண்ட் கொடுக்கும்.

கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் ஒயரை பிளக் பாயிண்டில் செருகுகிறார்களே, அதுவும் இதே ஆபத்துதான். சொல்லப்போனால் இன்னும் மோசம், அங்கே நிறுத்த இன்வெர்ட்டரும் கிடையாது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் போட விடாதீர்கள்.

இன்வெர்ட்டர் நின்றாலும், வெயில் இருக்கும்வரை தகட்டில் இருந்து இறங்கும் ஒயரில் கரண்ட் இருக்கும். தகட்டைக் கழுவுவதாக இருந்தால் விடியற்காலையில் கழுவுங்கள். ஒயர் உரிந்திருந்தால் தொடாமல் பொருத்தியவரைக் கூப்பிடுங்கள்.