குழந்தைகளுக்குக் காப்பு: அரசின் மருத்துவக் காப்பீடும் நம் கடமையும்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் பத்துப் பருவங்களை உடையது என்பதும், அவற்றுள் முதலாவது காப்புப் பருவம் என்பதும் தமிழ் பயில்வோர் யாவரும் அறிந்தவை. குழந்தை செங்கீரை ஆடுவதற்கும், தாலாட்டுக் கேட்பதற்கும், சப்பாணி கொட்டுவதற்கும் முன்னரே, அதற்கு யாதொரு தீங்கும் நேராதிருக்க வேண்டும் என்று புலவர் வேண்டுகிறார். இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் இம்மரபைப் போற்றிப் பிள்ளைத்தமிழ் பாடியுள்ளனர். குழந்தையைக் குறித்த முதற்சிந்தனை அதன் பாதுகாப்பே என்பது இதனால் பெறப்படும். இன்று நாம் வழங்கும் 'காப்பீடு' என்னும் சொல்லிலும் அதே 'காப்பு' இருக்கிறது. வருவாய் குறைந்த குடும்பத்துக் குழந்தைகளுக்கு அரசு அளிக்கும் மருத்துவக் காப்பீட்டைப் பெறுவது எங்ஙனம், அதில் இடறும் இடங்கள் யாவை, கற்றோர் செய்யத்தக்கது யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திட்டம் வளர்ந்த வரலாறு

தமிழ்நாட்டில் ஏழை எளியோர்க்கு உயர்சிகிச்சை வழங்கும் காப்பீட்டுத் திட்டம் 2009 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கலைஞர் பெயரால் தொடங்கப் பெற்றது. பின்னர் 2012 ஆம் ஆண்டு சனவரி 11 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாற்றி அமைக்கப்பட்டது. 2018 இல் மைய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்ட பின், ஒரு குடும்பம் ஓர் ஆண்டில் பெறத்தக்க சிகிச்சையின் உச்சவரம்பு ரூ. 5 இலட்சமாக உயர்ந்தது. தொடக்கத்தில் ரூ. 72,000 ஆக இருந்த குடும்ப ஆண்டு வருமான வரம்பும், 2022 சனவரியில் தொடங்கிய காப்பீட்டுக் காலத்திற்கு ரூ. 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. காப்பீட்டிற்குரிய தவணைத் தொகையை அரசே செலுத்துகிறது. குடும்பத்தினர் செலுத்த வேண்டுவது ஒன்றுமில்லை.

அமெரிக்க நாட்டில் ஏழையர்க்கான மருத்துவ உதவித் திட்டம் 1965 இல் தோன்றியது. அதற்குத் தகுதி பெறாமலும், தனியார் காப்பீட்டை வாங்க இயலாமலும் இடைநடுவில் நின்ற குடும்பங்களின் குழந்தைகளுக்கென்றே 1997 இல் தனித்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. ஆயினும் தகுதியிருந்தும் பதிவு செய்யப்படாத குழந்தைகள் அங்கும் பலராக இருந்தனர். சட்டம் இயற்றுவதோடு பணி முடிவதில்லை. பயன்பெற வேண்டியோரைத் தேடிச் சென்று சேர்ப்பதும் அதன் ஒரு கூறே என்னும் பாடம் இதனால் நமக்குக் கிடைக்கிறது.

பயன் பெறுவோர்

நம் திட்டத்தில் குழந்தைக்கெனத் தனி அட்டை வேண்டுவதில்லை. குடும்பமே ஓர் அலகாகக் கொள்ளப்படுகிறது. குடும்பத் தலைவர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் இதில் அடங்குவர். ரூ. 5 இலட்சத்தை ஒருவரே முழுதும் பயன்படுத்தலாம்; பலர் பகிர்ந்தும் கொள்ளலாம். ஆதரவற்றோர் இல்லங்களில் வளரும் குழந்தைகளும் இத்திட்டத்தின்கீழ் வருவர். முகாம்களில் வாழும் இலங்கை ஏதிலியர் குடும்பங்களுக்கு வருமான வரம்பு இல்லை.

பெறும் முறை

முதற்கண் வேண்டுவது குடும்ப அட்டை. அதில் குழந்தையின் பெயர் இடம்பெற்றிருத்தல் இன்றியமையாதது. இரண்டாவது, வருமானச் சான்று. இதனைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறையினரிடமோ பெறுதல் வேண்டும். மூன்றாவது, ஆதார் அட்டை. இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்திற்குச் சென்றால், நிழற்படமும் கைரேகையும் பதிவு செய்து அட்டை வழங்குவர். புறப்படும் முன் தேவையான சான்றுகளை மையத்தில் கேட்டறிந்து கொள்வது நன்று. இதற்கு இடைத்தரகர் எவரும் தேவையில்லை. எவருக்கும் கையூட்டு அளிக்க வேண்டுவதுமில்லை.

சிகிச்சை வேண்டும்போது, திட்டத்தில் இணைக்கப்பட்ட அரசு மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவமனைக்கோ செல்லலாம். மருத்துவர் பரிந்துரைக்கும் சிகிச்சைக்கு மருத்துவமனையே காப்பீட்டு நிறுவனத்திடம் முன் ஒப்புதல் கோரும். ஒப்புதல் வந்தபின் செய்யப்படும் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டுவதில்லை. எல்லா நோய்க்கும் எல்லாச் சிகிச்சையும் இதில் அடங்கா என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கே இக்காப்பு உண்டு. சாதாரணக் காய்ச்சலுக்கும் சளிக்கும் அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவே போதுமானது.

காலத்தின் அருமை

குழந்தைகளின் நோய்கள் சிலவற்றிற்குக் காலமே மருந்து போன்றது. இதய அறைகளுக்கு இடையே உள்ள சுவரில் பெரிய துளையோடு பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். உரிய காலத்தில் துளையை அடைத்துவிட்டால் அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப் போல ஓடியாடி வளரும். காலம் தாழ்த்தினால், மிகுதியான குருதி ஓட்டத்தால் நுரையீரலின் குருதிக் குழாய்களில் அழுத்தம் ஏறும். அது எல்லை கடந்தபின் துளையை அடைப்பதே ஆபத்தாக முடியும். செவித்திறனும் அத்தகையதே. பிறவியிலேயே கேட்கும் திறனற்ற குழந்தைக்குச் செவியினுள் மின்கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை இத்திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்டோர்க்கு உண்டு. மொழியைக் கற்கும் ஆற்றல் மூளையில் இளமையிலேயே மலர்வது இதற்குக் காரணம்.

இக்குறைகளை முன்னரே கண்டறிவதற்கு, 2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் துணைபுரிகிறது. இதன்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் ஆண்டில் ஒருமுறையும் சென்று, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளைச் சோதிக்க வேண்டும். குழுவினர் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டை வீட்டு மாடத்தில் செருகி வைத்து மறந்துவிடுவோர் பலர். அச்சீட்டே ஓர் உயிரின் சீட்டு என்பதைப் பெற்றோர்க்கு உணர்த்துதல் வேண்டும்.

இடறும் இடங்கள்

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். தந்தை தோல் பதனிடும் தொழிற்கூடத்தில் நாட்கூலி. தாய் பீடி சுற்றுபவர். நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு இதயத்தில் துளை இருப்பது அங்கன்வாடிச் சோதனையில் தெரிந்தது. வருமானத்தால் அக்குடும்பம் முழுத் தகுதி உடையது. ஆனால் குழந்தையின் பிறப்புச் சான்றில் பெயர் எழுதப்படவில்லை. அதனால் குடும்ப அட்டையில் சேர்க்கப்படவில்லை. அதனால் காப்பீட்டு அட்டையிலும் இல்லை. மருத்துவர் குறித்த நாளோ நெருங்கிவிட்டது. ஊரார் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினர். எஞ்சியதற்குத் தந்தை வட்டிக்குக் கடன் வாங்கினார். குழந்தை நலம் பெற்றாள். எனினும் அக்கடனை அடைப்பதற்காக அவளுடைய அண்ணன் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வேலைக்குச் சென்றார். அவர் நம் வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்திருந்த மாணவர். ஒரு பெயர் எழுதப்படாமையால் விளைந்த இழப்பு அது.

அவ்வூராரின் ஈகையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் உரிமையாகக் கிடைக்க வேண்டியதை ஒருவர் துண்டேந்திப் பெறும் நிலை வருவது அவருக்கும் நமக்கும் பெருமை தருவதன்று. ஊரார் திரட்டிய அப்பணம், எந்தத் திட்டத்திலும் அடங்காத வேறொரு துயரைத் துடைக்கப் பயன்பட்டிருக்கலாம்.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். பெயரிடாது பதிந்திருப்பின், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் காலதாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். அவ்வாறு சேர்த்தவுடன் குடும்ப அட்டையிலும் பெயரைச் சேர்த்தல் வேண்டும். ஆவணங்களில் ஒரே பெயர் வெவ்வேறு எழுத்துகளில் அமைவது மற்றோர் இடர். அதனையும் நோய் வரும் முன்னரே திருத்திக்கொள்ளல் தகும். காப்பீடு இருந்தும் மருத்துவமனை பணம் கேட்குமாயின், மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம்.

நாம் செய்யத்தக்கவை

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் மாணவர்கள் ஒரு குறிப்பேட்டை உடன் கொண்டு செல்லலாம். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று வினாக்கள் போதும்: பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர் உண்டா? குடும்ப அட்டையில் உண்டா? காப்பீட்டு அட்டை பெறப்பட்டுள்ளதா? இல்லையென்னும் விடைகளை ஊர்ப் பெரியோர்களிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் ஒரு நாளைக் குறித்து, அக்குடும்பங்களை ஒருசேரப் பதிவு மையத்திற்கு அழைத்துச் செல்லலாம். ஒரு நாள் கூலியை இழந்து தனியே அலைவதற்கு அஞ்சும் தாய்மார்க்கு இது பேருதவியாகும். ஆசிரியர்கள் தத்தம் வகுப்பில் இதனை ஒரு பாடவேளையில் விளக்கலாம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்று வகுக்கிறார். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து துணைசெய்யும் உழைச்செல்வானையும் அவர் நான்காவதாக எண்ணுகிறார். நோயுற்ற குழந்தைகள் உள்ளனர்; மருத்துவர் உள்ளனர்; மருந்துக்குரிய பொருளுக்கும் அரசு வழி வகுத்துள்ளது. எழுதத் தெரியாத பெற்றோர்க்காக விண்ணப்பத்தை நிரப்பி, அவர்களோடு வரிசையில் நிற்கும் உழைச்செல்வானே இன்று குறைவு. அக்குறையை நிறைவு செய்ய நம் மாணவர்கள் முன்வருவார்களாயின், படிப்பை நிறுத்திச் செல்லும் இன்னொரு மாணவரை நம் வகுப்பறை இழக்காது.